மேலே போக முடியாத அணிக்கு எதுக்கு டிக்கெட்? (கவென்ட்ரி ரக்பி)

கேள்வி, 11 அக்டோபர் 2024

இங்கிலாந்துல கவென்ட்ரிக்குப் படிக்க வந்து ஒரு மாசம் ஆச்சு. ரூமுக்குப் பக்கத்துல ரக்பி மைதானம் இருக்கு. சனிக்கிழமை ஆனா கூட்டம் கூட்டமா நடந்து போறாங்க. விசாரிச்சா இரண்டாம் டிவிஷனாம். ஜெயிச்சாலும் மேலே, முதல் டிவிஷனுக்கு, விடமாட்டாங்கன்னு ரூம்மேட் சொல்றான். மேலே போகவே வழியில்லாத டீமுக்கு எதுக்குக் காசு குடுத்துப் போறாங்க? இங்கே இருக்கிற அண்ணன்கள் யாராவது சொல்லுங்க.

12 அக்டோபர் 2024

தம்பி, நான் சொல்றேன். அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். ஸ்பான் எண்ட்ல வீடு, மைதானத்துக்குப் பத்து நிமிஷ நடை. 2013-ல ஒரு வருஷ கான்ட்ராக்ட்னு வந்தவன், இன்னும் பெட்டி கட்டலை.

பேரு பட்ஸ் பார்க் அரீனா. முதல் தடவை வீட்டுல "பட்ஸ் போறேன்"னு சொன்னப்போ, "காது குடையறதா? எனக்கும் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க"ன்னாங்க என் மனைவி. பழைய காலத்துல ஊர்க்காரங்க அம்பு விடப் பழகின மண்மேட்டுக்கு பட்ஸ்னு பேரு. அந்தப் பேரு அப்படியே தெருவுக்கு ஒட்டிக்கிச்சு. ஐயாயிரம் சொச்சம் பேர் கொள்ளும். ஒரு பக்கம் நல்ல ஸ்டாண்ட், மத்த பக்கம் நின்னு பார்க்கலாம். செயற்கைப் புல். அதுல முட்டி தேய்ச்சவன் ஒரு வாரம் ஜீன்ஸ் போடமாட்டான்.

உங்க கேள்விக்கு என் பதில்: பழக்கம். இந்த கிளப் ஒரு நாளும் முதல் டிவிஷன்ல ஆடினதில்லை, ஆனாலும் ஊர் விடலை.

13 அக்டோபர் 2024

நேத்து எழுதினதுல கடைசி வரி தப்பு. பர்மிங்ஹாம் நண்பர் தனியா மெசேஜ் போட்டுக் குட்டினார். 1987-ல இங்கிலாந்துல முதல் முதலா லீக் ஆரம்பிச்சப்போ முதல் டிவிஷன்ல பன்னிரண்டு அணி. அதுல கவென்ட்ரியும் ஒண்ணு. அந்த ஒரே சீசன்தான். முடிவுல கவென்ட்ரியும் சேல்ங்கிற இன்னொரு அணியும் கீழே இறங்கினாங்க. சேல் பிற்பாடு மேலே போய்ச் சாம்பியனே ஆயிட்டாங்க. கவென்ட்ரி இன்னிக்கு வரைக்கும் திரும்பலை.

ஆக, ஒரே ஒரு வருஷம் மாடியில இருந்திருக்காங்க. மன்னிக்கணும்.

20 அக்டோபர் 2024

"கிளப்போட வரலாறு சுருக்கமா சொல்லுங்க"ன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். சுருக்கம் எனக்கு வராது. பிடிச்சதை மட்டும் சொல்றேன்.

1874-ல ஆரம்பிச்ச கிளப். ரக்பிங்கிற ஊரே இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல்தான், ரயில்ல ஏறி உட்கார்றதுக்குள்ள இறங்கணும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பசங்க 1845-ல எழுதி வெச்ச விதிதான் ஆட்டத்தோட முதல் சட்டப் புத்தகம். பள்ளிக்கூடத்துல ஆடினது பணக்காரப் பசங்க. கவென்ட்ரியில ஆடினது வேற ஜாதி ஆட்கள். கடிகாரம், சைக்கிள், அப்புறம் கார்னு இந்த ஊர் முழுக்கக் கைவேலைக்காரங்க. நான் கோயம்புத்தூர்க்காரன். பீளமேடு பக்கம் பட்டறைச் சத்தத்துல வளர்ந்தவனுக்கு இந்த ஊர் ஏன் அந்நியமாத் தெரியலைன்னு வந்த புதுசுல எனக்கே புரியலை.

இப்ப பிடிச்ச பகுதி. அந்தக் காலத்துல ரக்பி யூனியன்ல ஆடறவனுக்குக் காசு குடுத்தா பெருங்குற்றம். 1895-ல வடக்கத்தி கிளப்புகள் பிரிஞ்சு போய் ரக்பி லீக்னு வேற ஆட்டமே ஆரம்பிச்சதுக்குக் காரணம் இந்தச் சண்டைதான். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனா சுரங்கத்துலயும் மில்லுலயும் சம்பளம் வெட்டுவான், அதை கிளப் ஈடுகட்டக்கூடாதான்னு கேட்டாங்க. கூடாதுன்னு மேலிடம் சொல்லிடுச்சு. கவென்ட்ரி அப்போ பிரியலை. ஆனா 1909-ல இவங்களும் ஆட்டக்காரங்களுக்குப் பணம் குடுத்ததா மாட்டி, கிளப்பையே கொஞ்ச நாள் ஆடக்கூடாதுன்னு நிறுத்தி வெச்சாங்க. அந்தச் சூட்டுல ஊர்ல ஒரு ரக்பி லீக் அணி முளைச்சு, 1910-லேர்ந்து 1913 வரைக்கும் ஆடி, காசில்லாம மூடிச்சு.

காசு குடுத்ததுக்காகத் தண்டனை வாங்கின கிளப் இது. இதை ஞாபகத்துல வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

2 நவம்பர் 2024

பக்கத்து வீட்டுத் தாத்தா பத்தி முன்னாடி வேற ஒரு இடத்துல எழுதியிருக்கேன், குப்பைத்தொட்டி விஷயத்துல என்னோட சண்டை போட்டவர். எண்பதைத் தாண்டியாச்சு. கார் தொழிற்சாலையில டூல்ரூம்ல வேலை பார்த்தவர். இன்னிக்கு மழைக்கு அவர் வீட்டுல ஒதுங்கினப்போ பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பிஸ்கட் இல்லை. 1973 கோப்பை இறுதி ஆட்டத்தோட நிகழ்ச்சிப் புத்தகம். நடுவுல மடிச்ச இடத்துல தாள் பிரிஞ்சு, செல்லோடேப் போட்டு, அந்த டேப்பும் மஞ்சளாகி உதிருது. ஓரத்துல பென்சில்ல ஸ்கோர் எழுதியிருக்கார், ஒவ்வொரு ட்ரைக்கும் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில வைக்கறது) ஒரு குட்டிக் கோடு. அப்போ ட்ரைக்கு நாலு பாயின்ட்தான், இப்பதான் அஞ்சு.

லண்டன் ட்விக்கனம் மைதானத்துல லண்டன் ஸ்காட்டிஷை 27–15-ன்னு ஜெயிச்சாங்க. மறு வருஷமும் கோப்பை இவங்களுக்கே. லீக் இல்லாத காலம். நாடு முழுக்க கிளப்புகள் மோதற ஒரே போட்டி அந்தக் கோப்பைதான், அதுவே 1972-லதான் ஆரம்பிச்சுது. முதல் வருஷம் க்ளாஸ்டர், அடுத்த ரெண்டும் கவென்ட்ரி.

டேவிட் டக்கம் பத்திக் கேட்டேன். தாத்தா எழுந்து நின்னார். முட்டி ஒத்துழைக்காது, இருந்தாலும் ஹால்ல ரெண்டடி நடந்து, இடுப்பை ஒரு பக்கம் காட்டிட்டு மறுபக்கம் போனார். டீ தட்டு தப்பிச்சுது. டக்கம் இந்த ஊர்ப் பிள்ளை. இங்கிலாந்துக்கு 36 ஆட்டம், 1971-ல நியூசிலாந்து போன லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து கூட்டு) அணியிலயும் இருந்தார். 1973 ஜனவரியில கார்டிஃப்ல பார்பேரியன்ஸ்ங்கிற அழைப்பு அணிக்காக நியூசிலாந்தோட ஆல் பிளாக்ஸை எதிர்த்து ஆடினதைப் பார்த்து வேல்ஸ்காரங்களே அவருக்கு "டாய்"னு தங்களோட ஊர்ப் பேரை வெச்சுக் கூப்பிட்டாங்க. வேல்ஸ்காரன் இங்கிலாந்துக்காரனை அப்படிக் கூப்பிடறதுன்னா, அது பெரிய சமாச்சாரம். 2023 ஜனவரியில காலமானார், வயசு 76.

அவருக்கு முன்னாடி பீட்டர் ஜாக்சன். 1958-ல ட்விக்கனம்ல ஆஸ்திரேலியாவோட ஆட்டம் 6–6-ல நிக்குது, நேரம் முடியுது, கோட்டோரமா ஒவ்வொருத்தனா ஏமாத்திக்கிட்டே போய் மூலையில விழுந்தார். 9–6. அந்தக் காலகட்டத்துல வார்விக்‌ஷயர் மாவட்ட அணி எட்டு வருஷத்துல ஏழு தடவை கவுண்டி சாம்பியன், 1958-லேர்ந்து 1965 வரைக்கும். அந்த அணியில பெரும்பங்கு கவென்ட்ரி ஆட்கள்தான். ஐவர் ப்ரீஸ் இங்கிலாந்து கேப்டன், அவர் மகன் பீட்டர் ப்ரீஸும் இங்கிலாந்துக்கு ஆடினவர், ரெண்டு பேருக்கும் இதே கிளப்.

இவ்வளவு பேருக்கும் சம்பளம் பூஜ்யம். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல போட்டோ, திங்கட்கிழமை காலையில வேலை.

3 நவம்பர் 2024

தாத்தாவே திருத்தினார், சுவர் மேலேர்ந்து. 1973 இறுதியில எதிரணி பிரிஸ்டல். லண்டன் ஸ்காட்டிஷ் அடுத்த வருஷம், 26–6. நான் ரெண்டையும் கலந்துட்டேன். புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டே தப்பாப் படிச்சவன் நீ ஒருத்தன்தான்னார். நியாயம்.

லண்டன் ஸ்காட்டிஷ் பேரையும் ஞாபகத்துல வெச்சுக்குங்க. அதுவும் திரும்ப வரும்.

14 நவம்பர் 2024

இன்னிக்குத் தேதி இந்த ஊருக்குத் தெரிஞ்ச தேதி. 1940-ல இதே ராத்திரி ஜெர்மன் குண்டுவீச்சுல ஊரோட நடுப்பகுதி எரிஞ்சுது. இடிஞ்ச தேவாலயம் அப்படியே நிக்குது, தம்பி இன்னும் பார்க்கலைன்னா போய்ப் பாருங்க. ரக்பி பத்தி இன்னிக்கு எழுத மனசில்லை.

7 டிசம்பர் 2024

"ஊர்ல வாஸ்ப்ஸ்னு ஒரு முதல் டிவிஷன் அணி இருந்துச்சாமே, அதை விட்டுட்டு ஏன் இதைப் பிடிச்சுத் தொங்கறீங்க"ன்னு கேட்டிருக்கார் லெஸ்டர் நண்பர். இந்தக் கேள்வி வரும்னு தெரியும். வரக்கூடாதுன்னும் இருந்தேன்.

வாஸ்ப்ஸ் லண்டன் கிளப். 1867-ல ஆரம்பிச்சது. ஐரோப்பியக் கோப்பையே ஜெயிச்சவங்க. சொந்த மைதானம் இல்லாம ஹை வைகோம்ப்ல வாடகைக்கு இருந்துட்டு, 2014-ல கவென்ட்ரி வடக்கே இருக்கிற ரிக்கோ அரீனாவை விலைக்கு வாங்கி மூட்டை முடிச்சோட வந்துட்டாங்க. 32,000 பேர் உட்காரலாம். முதல் ஆட்டம் 2014 டிசம்பர் 21, லண்டன் ஐரிஷோட. கூட்டம் 28,254. அதுல ஒரு ஆள் நான். ஆபீஸ்ல யாரோ குடுத்த இலவச டிக்கெட். 48–16. ஆண்டி கூட் ஒருத்தரே 33 பாயின்ட். அவர் பிறந்தது கவென்ட்ரியிலதான். அடடா, நம்ம ஊர்ப் பையன் நம்ம ஊருக்கு ஆடறான்னு நினைச்சேன். "நம்ம ஊர்"னு அன்னிக்குத்தான் முதல் தடவை இந்த ஊரைச் சொன்னேன்.

கறுப்பும் தங்கமுமா ஒரு கழுத்துத் துண்டு வாங்கினேன். ரெண்டு சீசன் டிக்கெட் எடுத்தேன். பெரிய ஸ்டேடியம், நல்ல இருக்கை, ஸ்க்ரீன்ல ரீப்ளே. ஆட்டம் புரியாதவனுக்கு அந்த ரீப்ளே எவ்வளவு உதவின்னு சொல்லி முடியாது. அதே நேரத்துல பட்ஸ்ல கவென்ட்ரி மூணாம் டிவிஷன்ல ஆடிக்கிட்டிருந்தாங்க. நான் எட்டிக்கூடப் பார்க்கலை. தாத்தாவை ஒரு தடவை வாஸ்ப்ஸ் ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். "அது லண்டன்காரன் வீட்டுச் சாமான். லாரியில வந்துச்சு, லாரியிலயே போகும்"னார். கிழவருக்குப் பொறாமைன்னு நினைச்சுக்கிட்டேன்.

அரீனா வாங்கினதுக்கும் பழைய கடனுக்கும் சேர்த்து வாஸ்ப்ஸ் 2015-ல கடன் பத்திரம் வெளியிட்டாங்க. 3.5 கோடி பவுண்டு, ஆறரை சதவீத வட்டி. உள்ளூர் ஆட்கள், ரசிகர்கள்கூட வாங்கினாங்க. 2022 மே மாசம் திருப்பித் தரணும். தரலை. நடுவுல கொரோனா வந்து ஸ்டேடியம் காலியாக் கிடந்தது ஒரு காரணம். ஆனா வருமானத்துக்கு மேல ஆட்டக்காரங்க சம்பளம் ஓடினது அதுக்கும் முந்தின கதை. 2022 அக்டோபர் 17, கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போச்சு. ஆட்டக்காரங்க, ஊழியர்கள்னு 167 பேருக்கு ஒரே நாள்ல வேலை போச்சு. ஸ்டேடியம் வேற கைக்கு மாறுச்சு.

லாரிகூட வரலை, தாத்தா சொன்னதுல அது ஒண்ணுதான் தப்பு.

8 டிசம்பர் 2024

நேத்து எழுதினதை இன்னிக்குக் காலையில படிச்சா ஏதோ "வெளியூர்க்காரனுக்கு நல்லா வேணும்"கிற தொனி தெரியுது. நான் அந்த அர்த்தத்துல எழுதலை. எழுதியிருந்தா வாபஸ். வெளியூர்லேர்ந்து லாரியில வந்த சாமான்ல நானும் ஒண்ணுதானே. அந்த 167 பேர்ல சமையல்கட்டு ஆளும் டிக்கெட் கவுன்ட்டர் பொண்ணும் இருந்திருப்பாங்க. அந்தத் துண்டு இன்னும் அலமாரியில இருக்கு, போட மனசு வரலை, தூக்கிப் போடவும் வரலை.

கவென்ட்ரி மட்டும் யோக்கியமான்னு கேட்டா அதுவும் இல்லை. 1921-லேர்ந்து ஆடின கவுண்டன் ரோடு மைதானத்தை வித்துட்டுத்தான் 2004-ல பட்ஸுக்கு வந்தாங்க. ரயில் பாதையோரம் இருந்த பழைய மைதானம், இப்ப வீடுகள். "கவுண்டன்"னு பார்த்ததும் என் ஊர்க்காரர் யாரோ 1921-லயே இங்கே வந்து நிலம் வாங்கிட்டார்னு எழுதாதீங்க. ஏற்கனவே மூணு பேர் எழுதியாச்சு.

பட்ஸுக்கு வந்த பிறகும் கடன் துரத்துச்சு. 2009-ல இரண்டாம் டிவிஷனுக்கு சாம்பியன்ஷிப்னு புதுப் பேர் வெச்சு, பன்னிரண்டு அணி, முழுநேரத் தொழில்னு கிளம்பினாங்க. முதல் சீசன் முடிவுலயே கவென்ட்ரி கீழே விழுந்தாங்க. எட்டு வருஷம் மூணாம் டிவிஷன். நான் வாஸ்ப்ஸ்ல ரீப்ளே பார்த்துக்கிட்டிருந்த வருஷங்கள் இவை. 2018-ல ரோலண்ட் வின்டர் பொறுப்புல மூணாம் டிவிஷன் பட்டம் வாங்கித் திரும்ப மேலே வந்தாங்க.

19 ஜனவரி 2025

ஞாபகத்துல வெச்சுக்கச் சொன்னதெல்லாம் இப்ப எடுங்க.

1995 ஆகஸ்ட்ல ரக்பி யூனியன் "இனிமே காசு வாங்கலாம்"னு கதவைத் திறந்துச்சு. நூறு வருஷம் பாவம்னு சொன்னதை ஒரே நாள்ல தொழில்னு சொல்லிட்டாங்க. உடனே பணக்காரங்க உள்ளே வந்தாங்க, அதுவும் இரண்டாம் டிவிஷனுக்கு. நியூகாசிலுக்கு ஜான் ஹால். ரிச்மண்டுக்கு ஆஷ்லி லெவெட், செப்பு வியாபாரி. பெட்ஃபர்டுக்கு குத்துச்சண்டை நடத்தற ஃப்ராங்க் வாரன். 1996–97 சீசன்ல இந்தக் கூட்டத்தோட ஒரே டிவிஷன்ல கவென்ட்ரி. கல்யாண வீட்டுப் பட்டுப்புடவைங்களுக்கு நடுவுல சுங்குடி மாதிரி.

ஆனாலும் மேலே போற ப்ளே-ஆஃப் வரைக்கும் வந்தாங்க. முதல் டிவிஷன்லேர்ந்து இறங்கற அபாயத்துல இருந்த ஒரு அணியோட ரெண்டு ஆட்டம். தோத்தாங்க. அந்த அணி லண்டன் ஐரிஷ்.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. நேரடியா மேலே போன நியூகாசில் அடுத்த வருஷமே நாட்டுச் சாம்பியன். கூடப் போன ரிச்மண்ட் 1999-ல லெவெட் கையை எடுத்ததும் திவால். அதே வருஷம் லண்டன் ஸ்காட்டிஷும் காலி. ரெண்டையும் லண்டன் ஐரிஷோட இணைச்சாங்க, அதாவது விழுங்க வெச்சாங்க. ரிச்மண்ட்காரங்களும் ஸ்காட்டிஷ்காரங்களும் அமெச்சூரா அடிமட்டத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. பெட்ஃபர்டும் 1998-ல மேலே போய் 2000-ல இறங்கி வந்துடுச்சு. விழுங்கின லண்டன் ஐரிஷ்? 2023 ஜூன்ல சம்பளம் குடுக்க வழியில்லாம லீக்லேர்ந்தே வெளியே.

2014 டிசம்பர் 21-ஆம் தேதி நான் பார்த்தேன்னு சொன்னேனே, 28,254 பேர் கூடின ஆட்டம், அதுல ஆடின ரெண்டு கிளப்புமே இன்னிக்கு எந்த லீக்லயும் இல்லை. இதை டைப் பண்றப்போதான் எனக்கே உறைக்குது.

97-ல கவென்ட்ரி ஜெயிச்சு மேலே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? யாரோ ஒரு பணக்காரர் வந்திருப்பார், மூணு வருஷத்துல போயிருப்பார். இல்லை, வராமலே முதல் சீசன்ல நொறுங்கியிருப்பாங்க. டேனி க்ரூகாக்னு ஒரு ஆட்டக்காரர், இந்த ஊர்க்காரர், அதே 97-ல கவென்ட்ரியில இருக்கும்போதே இங்கிலாந்து சட்டை போட்டார், உடனே சாரசென்ஸ் தூக்கிட்டுப் போயிடுச்சு. நீல் பேக் பிறந்ததும் இங்கேதான், பேர் வாங்கினது லெஸ்டர்ல. நாத்து விடறது இங்கே, அறுவடை வேற வயல்ல.

காசு குடுத்ததுக்குத் தண்டனை வாங்கின கிளப்பு, காசு குடுக்க முடியாம நின்னதால தப்பிச்சிருக்கு. இதை நான் பெருமையாச் சொல்றேனான்னு எனக்கே சந்தேகம்தான். தோத்ததுக்குப் பின்னாடி காரணம் கண்டுபிடிக்கறது ரசிகனோட நிரந்தர வேலை.

22 பிப்ரவரி 2025

இழையை விட்டு விலகறேன், திட்டாதீங்க. இன்னிக்கு இங்கிலாந்து–ஸ்காட்லாந்து. 16–15. கடைசியில ஸ்காட்லாந்து ட்ரை போட்டு, ஃபின் ரஸ்ஸல் அதுக்கப்புறம் உதைக்கற கன்வர்ஷனைத் தவறவிட்டார். பப்ல ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் திரும்பப் போட்டுக்கிட்டு ஸ்கோரைப் பார்த்தார், மாறியிருக்குமோன்னு.

இந்த ஆட்டத்துக்குக் குடுக்கற கோப்பை பேரு கல்கத்தா கோப்பை. பக்கத்து மேசைக்காரங்களுக்கு ஏன்னு தெரியலை. நான் சொன்னேன்: அது நம்ம ரூபாய்டா. 1870-கள்ல கல்கத்தாவுல வெள்ளைக்காரங்க ஒரு ரக்பி கிளப் வெச்சிருந்தாங்க. பார்ல இலவசமா ஊத்தின வரைக்கும் உறுப்பினர் கூட்டம், ஊத்தறதை நிறுத்தினதும் கூட்டம் கரைஞ்சுது. அந்த வெயில்ல ரக்பியை விட போலோவும் டென்னிஸும் தேவலைன்னு போயிட்டாங்க. மூடறப்போ பாங்க்ல மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாவே எடுத்து, 270 ரூபாயை உருக்கிக் கோப்பை செஞ்சு, 1878-ல இங்கிலாந்து யூனியனுக்குக் குடுத்தாங்க. கைப்பிடி மூணும் நாகப்பாம்பு, மூடி மேல யானை. நம்ம ஊர் பூஜை அறையில வெச்சா யாரும் வித்தியாசமாப் பார்க்கமாட்டாங்க.

கிளப் செத்து நூத்தம்பது வருஷம் ஆகப்போகுது, கணக்கை நேரா முடிச்சு, மிச்சத்தைக் கோப்பையாக்கிட்டுப் போனாங்க. திவாலான மத்த கிளப் எதுக்கும் இந்த நாகரிகம் வாய்க்கலை.

30 மார்ச் 2025

தம்பி மறுபடி கேட்டிருக்கார்: "ஜெயிச்சாலும் மேலே விடமாட்டாங்கன்னு சொன்னது உண்மையா பொய்யா?" ஆறு மாசமா இதுக்கு நேரா பதில் சொல்லலை, மன்னிக்கணும்.

பாதி உண்மை. மேலே போகணும்னா மைதானம் 10,001 பேர் கொள்ளணும்னு விதி வெச்சாங்க. 2022-ல ஈலிங் அணி இரண்டாம் டிவிஷன்ல முதலிடம். மைதானம் சின்னதுன்னு விடலை. டான்காஸ்டரும் அதே பரிசோதனையில ஃபெயில். பிறகு படிப்படியாக் கட்டிக்கலாம்னு தளர்த்தினாங்க. ஐயாயிரம் சொச்சம் இருக்கிற பட்ஸை இரட்டிப்பாக்க எவ்வளவு செலவாகும், அந்தச் சீட்டுல யார் உட்காருவாங்கன்னு யோசிங்க. நம்ம ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பேர் வந்தாலே டீக்கடை க்யூ மைதானத்தைச் சுத்தும்.

இன்னொரு பக்கம் 2020-ல ஆட்டத்தை நடத்தற இங்கிலாந்து யூனியன் இந்த டிவிஷனுக்குக் குடுத்த பணத்தை வெட்டினாங்க. கிளப்புக்கு 5,34,000 பவுண்டு இருந்தது 2,88,000 ஆச்சு. முழுநேரமா ஆடிக்கிட்டிருந்த பசங்க பகல்ல வேற வேலை தேட வேண்டி வந்தது. 2023-ல ஜெர்சி அணி இதே டிவிஷன்ல பட்டம் வாங்கினாங்க. அந்த செப்டம்பர்ல முதல் டிவிஷன் பாத் அணியையே ஒரு கோப்பை ஆட்டத்துல தோக்கடிச்சாங்க. மாசம் முடியறதுக்குள்ள பணம் தீர்ந்து கடையை மூடிட்டாங்க. பட்டம் வாங்கின அஞ்சாறு மாசத்துல! "மேலே போகாத டீம்"னு நீங்க கேட்டீங்க. மேலே போகாம, கீழேயும் போகாம, சனிக்கிழமை ரெண்டரை மூணு மணிக்கு ஒழுங்கா பந்தை உதைச்சு ஆட்டம் தொடங்கறதே இந்த டிவிஷன்ல எவ்வளவு பெரிய வேலைன்னு இதுக்கப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது.

இருங்க, அக்டோபர்ல "பழக்கம்"னு ஒத்தை வார்த்தையில சொன்னேன் இல்ல, அது போதாது. வாஸ்ப்ஸ் போன அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை வேற போக்கிடம் இல்லாமத்தான் முதல் தடவை பட்ஸுக்குப் போனேன். ரீப்ளே இல்லை. எதுக்கு விசில்னு புரியலை. கயிறோரமா டீயோட நின்னேன். பந்து தவறி வந்து டப்புனு டீயில விழுந்துச்சு, கோட்டு முழுக்க டீ. ப்ராப் (முன்வரிசையில முட்டித் தள்ளற ஆள்) ஒருத்தர், காது ரெண்டும் டேப் சுத்தி, தலையிலேர்ந்து ஆவி பறக்க, பந்தை எடுக்க வந்தார். "சாரி மேட், சர்க்கரை போட்டிருந்தியா?"ன்னார். ஆட்டம் முடிஞ்சு பார் பக்கம் வந்து நிஜமாவே ஒரு டீ வாங்கிக் குடுத்தார். முப்பதாயிரம் பேர் ஸ்டேடியத்துல ரெண்டு சீசன் உட்கார்ந்தேன், ஒரு ஆட்டக்காரன் முகத்தைக்கூட ஸ்க்ரீன் இல்லாம பார்த்ததில்லை.

அன்னிக்கு அவர்கிட்ட ரக் (கீழே விழுந்தவன் மேல ரெண்டு அணியும் பந்துக்கு முட்டறது) எப்படின்னு கேட்டுட்டு, எங்க ஊர்ல கபடின்னு ஒண்ணு இருக்கு, பிடிச்சவனை விடமாட்டோம்னு விளக்கினேன். "இங்கே பிடிச்சவனை விடலைன்னா பெனால்ட்டி"ன்னார். என் ஒப்பீடு அதோட முடிஞ்சுது.

4 அக்டோபர் 2025

ஒரு வருஷம் கழிச்சு இழையைத் தூசி தட்டறேன். டிவிஷனுக்குத் திரும்பவும் புதுப் பேர், இப்ப சாம்ப் ரக்பி. பதினாலு அணி, முதல் ஆறு இடத்துக்கு ப்ளே-ஆஃப். பேரை மாத்தினா பணம் வரும்னு ஒரு நம்பிக்கை, நம்ம ஊர்ல நியூமராலஜி மாதிரி.

பட்டியலைப் பாருங்க. 1974-ல கவென்ட்ரிகிட்ட கோப்பையை விட்ட லண்டன் ஸ்காட்டிஷ் இருக்காங்க. 99-ல செத்த ரிச்மண்ட் மூணாம் டிவிஷன் ஜெயிச்சுத் திரும்ப வந்திருக்காங்க. பெட்ஃபர்டும் இருக்காங்க. 2022 செப்டம்பர்ல, வாஸ்ப்ஸுக்கு மூணு வாரம் முன்னாடி விழுந்த வூஸ்டர் இந்த டிவிஷன்லேர்ந்து திரும்ப ஆரம்பிக்கறாங்க. மேலே நியூகாசிலை ரெட் புல் வாங்கியாச்சு. வாஸ்ப்ஸ் மட்டும் இல்லை.

வூஸ்டரை உள்ளே விட்டது நியாயமான்னு இங்கே ஏற்கனவே சண்டை ஆரம்பிச்சாச்சு. கடன் குடுத்தவனுக்குப் பட்டை நாமம் போட்டவனுக்கு பந்தியில முதல் இலையான்னு போன வாரம் நானே வேற இழையில எழுதினேன். தாத்தாகிட்ட சொன்னேன். "1909-ல எங்களையும் மறுபடி சேர்த்துக்கிட்டாங்க"ன்னுட்டு ஜன்னலை மூடிட்டார். அந்தப் பதிவை அழிச்சுட்டேன்.

தாத்தாவால இப்ப நடக்க முடியலை. போன சீசன் கடைசியிலேர்ந்து நான்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போறேன். ஸ்பான் எண்ட் பாலத்தடியில ஒரு மேடு இருக்கு, அங்கே மட்டும் "ஸ்க்ரம்ல தள்ளற மாதிரி தள்ளு, முதுகை நேரா வை"ன்னு கத்துவார்.

தம்பி, நீங்க இன்னும் ஊர்ல இருந்தா அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு வாங்க. ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம், கயிறோரம், நாற்காலிக்குப் பக்கத்துல நிப்பேன். மேடு ஏற ஒரு கை கூட இருந்தா நல்லது. மழை பெய்யும், குடை மட்டும் வேண்டாம், பின்னாடி நிக்கறவங்க கிழிச்சுடுவாங்க. தொப்பி வெச்ச கோட்டு போதும். டீ வாங்கினா மூடி போட்டு வாங்குங்க.